தூரத்தில் தொடங்கும் கதை: செங்கோட்டை மலைப்பாதையை ஹெட்போனுக்குள் எழுப்புவது எப்படி

முப்பரிமாண ஒலியைக் கையில் எடுக்கும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, ஏதாவது ஒரு ஒலியைத் தலையைச் சுற்றி ஓடவிடுவது. வண்டு இடது காதில் ரீங்கரித்து, பின்மண்டை வழியாகப் போய், வலது காதில் வந்து நிற்கும். கேட்பவர் ஒருமுறை வியப்பார், மறுமுறை ஹெட்போனைக் கழற்றிவிடுவார். வண்டு எங்கே என்று அவருக்குத் தெரிந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை. அதனால் இந்த வழிகாட்டி திசையைப் பின்னுக்குத் தள்ளி, தூரத்தில் தொடங்குகிறது. எது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, எது கூப்பிடு தூரத்தில், எது மலைக்கு அப்பால் என்பது சரியாக அமைந்துவிட்டால், திசையில் கொஞ்சம் பிசகினாலும் இடம் எழும்பிவிடும்.

பயிற்சிக்கு ஒரு சிறு கதை. செங்கோட்டையில் ஒரு பெண் பஸ் ஏறுகிறாள். புளியரை, கோட்டைவாசல் வளைவுகள், ஆரியங்காவு எல்லாம் தாண்டிக் கழுதுருட்டியில் இறங்குகிறாள். நாத்தனார் வீட்டுக்குப் போகிறாள். மொத்தம் 5 நிமிடம், கேட்பது ஹெட்போனில். இந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பஸ் நிலைய இரைச்சல், மூடிய வண்டி, திறந்த பள்ளத்தாக்கு, அருவி, ரயில் என்று ஒலியின் அளவும் தன்மையும் முழுக்க மாறும் ஐந்தாறு இடங்கள் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. வேறு மலைப்பாதையில் இருப்பவர்கள், குமுளி ஏற்றமானாலும் வாளையாறு கணவாயானாலும், இதே முறையை அப்படியே பொருத்திக்கொள்ளலாம்.

காது எதைப் படிக்கிறது

இடம் வலம் கண்டுபிடிப்பது காதுக்கு எளிது. ஒலி 20 பாகை செல்சியஸில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி தலையை வளைத்துக்கொண்டு இடது காதை அடைய அதிகபட்சம் 0.6 முதல் 0.7 மில்லிவினாடி தாமதமாகும். சுமார் 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூளை இந்தத் தாமதத்தைத்தான் நம்புகிறது. அதற்கு மேலே அலைநீளம் குறைந்து, தலையே ஒரு மறைப்பாகி, தூரத்துக் காதில் ஒலி மட்டுப்படுகிறது. அங்கே மூளை இந்த அளவு வேறுபாட்டைப் படிக்கிறது. ராலே பிரபு 1907இல் விளக்கிய இந்த இரட்டை வழிதான் இன்றைக்கும் அடிப்படை.

முன் பின், மேல் கீழ் கடினம். அதைச் சொல்வது காது மடலின் மடிப்புகள். அவை உயர் அதிர்வெண்களைச் சில இடங்களில் தூக்கியும் சில இடங்களில் அழுத்தியும் அனுப்புகின்றன. மடல் ஆளுக்கு ஆள் வேறு. மென்பொருளில் இருப்பதோ யாரோ ஒருவரின் காது, அல்லது ஒரு பொம்மைத் தலையின் காது. அதனால்தான் ஹெட்போனில் நேர் முன்னே வைத்த குரல் பலருக்குப் பின்னாலிருந்தோ, நெற்றிக்குள்ளிருந்தோ கேட்கிறது. நிஜ வாழ்வில் தலையைச் சற்றுத் திருப்பினாலே குழப்பம் தீர்ந்துவிடும். ஹெட்போனில் தலையைத் திருப்பினால் உலகமும் கூடவே திரும்புகிறது. இது உங்கள் பிழையல்ல, முறையின் எல்லை. கதையை இந்த எல்லைக்குள் அமைக்க வேண்டும்: "முன்னால் வந்தவன் பின்னால் போய்விட்டான்" என்பதை மட்டும் நம்பி ஒரு திருப்பத்தைக் கட்டாதீர்கள்.

தூரத்துக்குக் காது நான்கு சாட்சிகளைக் கேட்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் அளவு 6 டெசிபல் குறையும். தூரம் கூடக் கூடக் காற்று உயர் அதிர்வெண்களைத் தின்றுவிடும், ஒலி மழுங்கும். நேரடி ஒலி குறைந்து, சுவரிலும் பாறையிலும் பட்டு வரும் ஒலியின் பங்கு கூடும். நான்காவதைப் பெரும்பாலோர் மறக்கிறார்கள்: அந்த ஒலி எழும்போது எவ்வளவு முயற்சியோடு எழுந்தது என்பது. கத்திக் கூப்பிடும் குரலுக்கு ஒரு நிறம், கிசுகிசுக்கும் குரலுக்கு வேறு நிறம். சாதாரணமாகப் பேசிய பதிவை 20 டெசிபல் குறைத்தால் தூரத்தில் நிற்பவர் குரல் வராது. பக்கத்தில் ரேடியோவைச் சின்னதாக வைத்தது போலத்தான் கேட்கும்.

கருவிகள்

மூன்று வழிகளில் தொடங்கலாம். முதலாவது, காதுக்குள் பொருத்தும் சின்ன மைக்குகள். ரோலண்ட் சிஎஸ்-10இஎம் போன்றவை. உங்கள் தலையும் மடலுமே கருவியாகிவிடும், கேட்டது கேட்டபடி பதிவாகும். ஆனால் இவற்றுக்கு ரெக்கார்டரிலிருந்து சிறு மின்னழுத்தம் வேண்டும். கைப்பேசியில் நேராகச் செருகினால் பெரும்பாலும் வேலை செய்யாது. மைக் உள்ளீட்டில் மின்சாரம் தரும் ரெக்கார்டர் ஒன்று தேவை. பதிவு முழுக்கத் தலையை அசைக்கக் கூடாது. நீங்கள் திரும்பினால், பிறகு கேட்பவருக்கு ஊரே சுழலும். எச்சில் விழுங்குவது கூடப் பதிவாகும்.

இரண்டாவது, அம்பிசோனிக் மைக். நான்கு மைக் தலைகள் நான்முகி வடிவில் ஒரே புள்ளியைச் சுற்றி நிற்கும். மைக்கேல் கெர்சன் உள்ளிட்டோர் 1970களில் வகுத்த முறை இது. ஜூம் எச்3-விஆர் இந்த வகையில் கைக்கடக்கமானது. நான்கு மைக்குகளின் பதிவைத் தானே அம்பிசோனிக் வடிவுக்கு மாற்றிச் சேமித்துக்கொள்ளும். இதன் பெரிய வசதி, பதிவு செய்த பிறகும் திசையைச் சுழற்றலாம். குறை, ஒலிகள் கொஞ்சம் கரைந்து பரவிக் கேட்கும். ஊசிமுனை போலச் சுட்டிக்காட்டாது.

மூன்றாவது வழி, சாதாரண ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒன்றும் தனி மைக் ஒன்றும். பின்னணிக்கு ஸ்டீரியோ, ஒவ்வொரு ஒலிக்கும் தனிப் பதிவு, இடத்தை மென்பொருளில் கட்டுவது. செலவு குறைவு, கற்பது அதிகம். எங்கள் தேர்வு இரண்டாவதும் மூன்றாவதும் கலந்தது: இடத்தின் பொதுவான காற்றை அம்பிசோனிக் மைக்கில் எடுங்கள், கதைக்கு வேண்டிய ஒவ்வொரு ஒலியையும் தனி மைக்கில் கிட்டத்தில் எடுங்கள். பரவலானது பரவலாகவும் துல்லியமானது துல்லியமாகவும் நிற்கும்.

எதை வாங்கினாலும், அதற்கு மேல் மென்முடி உறை ஒன்று கட்டாயம். பஞ்சு உறை மட்டும் இந்தக் கணவாய்க் காற்றுக்கு ஈடுகொடுக்காது.

முதலில் தாளில்

ரெக்கார்டரைத் தூக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: கேட்பவர் யார்? அந்தப் பெண்ணே கேட்பவரா, பக்கத்து இருக்கையில் இருப்பவரா, இல்லை மேலிருந்து பார்க்கும் ஒருவரா? இதை முடிவு செய்யாமல் எடுத்த பதிவுகள் கடைசியில் ஒட்டாது. ஒரு காட்சியில் அவள் வளையல் காதோரம் குலுங்கும், அடுத்த காட்சியில் அவள் செருப்பொலி பத்தடி தள்ளிக் கேட்கும். கேட்பவர் அந்தரத்தில் தொங்குவார்.

நம் கதையில் கேட்பவர் அந்தப் பெண்ணேதான். எனவே அவள் மூச்சு, பை, புடவைச் சலசலப்பு எல்லாம் உடலோடு ஒட்டி இருக்க வேண்டும். வசனத்தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று குறிப்பு எழுதுங்கள்: தூரம், திசை, முயற்சி. கழுதுருட்டியில் இறங்கும் காட்சி இப்படி இருக்கும்:

நாத்தனார்: "மைனீ! வந்துட்டியளா?" கூப்பிடு தூரம், இடது முன்பக்கம், கத்தி.

நாத்தனார்: "கையக் குடுங்க மைனி, வழுக்கும்." கையெட்டும் தூரம், இடது காதோரம், தணிந்து.

இரண்டு வரிக்கும் நடுவே ஈரத்தரையில் ஓடிவரும் ஏழெட்டு காலடிகள். அவ்வளவுதான் காட்சி. பாசம், அவசரம், மழை, படிக்கட்டு எல்லாம் வந்துவிட்டன, ஒருவரும் விளக்கவில்லை. தூரம் குறைவதுதான் இங்கே நிகழ்ச்சி.

எல்லையையும் இப்படியே கடக்க வேண்டும். புளியரை வரை தமிழ், கோட்டைவாசல் தாண்டியதும் மலையாளம் என்று கத்தியால் வெட்டியதுபோல மாற்றுவது இந்த ஊருக்குப் பொய். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சியில் இருந்த ஊர். இரண்டு மொழியும் இரண்டு பக்கமும் புழங்குகின்றன. செங்கோட்டை பஸ் நிலையத்திலேயே மலையாளப் பேச்சு தொலைவில் ஒரு இழையாக இருக்கட்டும். பஸ்ஸுக்குள் இரண்டு இருக்கை தள்ளி வரட்டும். ஆரியங்காவில் காதோரம் ஒருவர் மலையாளத்தில் வழி கேட்கட்டும். தமிழும் அதே அளவில் பின்வாங்கட்டும், ஆனால் மறைந்துவிட வேண்டாம். கோவில் ஒலிக்கும் இதே கணக்கு: நாதஸ்வரம் தொலைவுக்குப் போகப்போக, செண்டை தொலைவிலிருந்து கிட்ட வரட்டும்.

பதிவு

எல்லாப் பதிவும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். நான்கு தடங்கள் என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 35 எம்பி, ஒரு மணிக்கு 2 ஜிபிக்குச் சற்று மேல். அளவை உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள். பஸ் ஹாரன் திடீரென அடிக்கும். அந்த இடைவெளி அதற்காக. தானாக அளவைச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். அது அமைதியைத் தூக்கி, சத்தத்தை அமுக்கி, நாம் தேடிப்போன தூரத்தை முழுக்க அழித்துவிடும். இதை ஒரு முறைக்கு இரு முறை சரிபாருங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது 3 நிமிடம் அசையாமல் எடுங்கள். தொடங்கும்போது இடம், நேரம், மைக் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று வாயால் சொல்லிப் பதியுங்கள். பின் மைக்கின் நேர் முன்னே நின்று ஒரு கைத்தட்டல். மேசையில் உட்காரும்போது முன்பக்கம் எது என்று அந்தக் கைத்தட்டல்தான் காட்டிக்கொடுக்கும். அம்பிசோனிக் மைக்கை நட்டமாக வைத்தீர்களா, தலைகீழாகத் தொங்கவிட்டீர்களா என்பதும் அமைப்பில் சரியாக இருக்க வேண்டும். தவறினால் பறவை காலடியில் பாடும்.

காற்றுதான் இங்கே முதல் எதிரி. ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே மேலக்காற்று பாய்ந்து வரும். மைக்கின் மெல்லிய தகட்டைக் காற்று நேராகத் தள்ளி, அது தாங்காமல் போனால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை நீக்கும் வடிகட்டி எதையும் மீட்காது. பதிவு அங்கேயே கெட்டுவிட்டது. விடியலுக்கு முன் எடுங்கள். மைக்கை இடுப்புயரத்துக்குக் கீழே இறக்குங்கள், தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு. சுவருக்கோ பாறைக்கோ மறைவில் வையுங்கள், ஆனால் ஒட்டி வேண்டாம். ஒட்டினால் எதிரொலி பட்டு ஒலியின் நிறம் மாறும்.

இரண்டாவது எதிரி ஈரம். குற்றாலச் சாரலில் ஒரு மணி நேரம் நின்ற மைக் படபடவென்று வெடிக்கத் தொடங்கினால், தகட்டில் ஈரம் படிந்திருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இரவு முழுக்க வையுங்கள். தலைமுடியை உலர்த்தும் ஹேர் டிரையரைக் கிட்ட கொண்டுபோகாதீர்கள். நனைந்த மென்முடி உறை முடிகள் ஒட்டிக்கொண்டு காற்றைத் தடுக்காது, ஒலியையும் மழுக்கும். மாற்று உறை ஒன்று பையில் இருக்கட்டும்.

அருவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேரருவிக்கு அடியில் போய் மைக்கை நீட்டினால் கிடைப்பது வெறும் இரைச்சல். ஐந்தருவியா பாலருவியா என்று யாரும் சொல்ல முடியாது. அருவிக்கு அடையாளம் தருவது தூரங்களின் வரிசை. ஏறக்குறைய 150 மீட்டரில் அடிநாத உறுமல் மட்டும். 50 மீட்டரில் உறுமலோடு ஒரு சீறல். 10 மீட்டரில் பாறையில் தனித்தனியே தெறிக்கும் நீர். மூன்றையும் எடுங்கள். அகலமான அருவிக்குக் கிட்டே, தூரம் இரட்டித்தாலும் 6 டெசிபல் குறையாது, அதைவிடக் குறைவாகவே குறையும். பெரிய பரப்பு முழுக்க ஒலிப்பதால் அப்படி. எனவே மென்பொருளில் கணக்குப் போட்டுக் குறைப்பதைவிட நிஜத் தூரத்தில் எடுத்த பதிவுகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்ல மாற்றுவது மேல். ஓரமாகச் சொட்டும் நீரை ஒரு கை தூரத்தில் தனியாக எடுத்து வையுங்கள். கலவையில் அருவிக்கு அருகாமையைத் தருவது அந்தச் சொட்டுதான்.

ரயிலுக்குக் கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம். கொல்லம் சாலை பாலத்தை ஒட்டியே போகிறது. சாலையோரம் நின்றே எடுக்கலாம், தண்டவாளத்தில் கால் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது. வண்டி வருவதற்கு 5 நிமிடம் முன்பே பதிவைத் தொடங்குங்கள். தொலைவில் ஹாரன், மலையில் மோதி வரும் அதன் எதிரொலி, பின் நீண்ட அமைதி, பிறகே சக்கரம்: இந்த வரிசையில்தான் கதை இருக்கிறது. கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதையும் பாருங்கள். 1904இல் திறந்த இந்தப் பாதையில் மீட்டர்கேஜ் வண்டி 2010 வரை ஓடியது. அகலப்பாதையாகி முழுதும் திறந்தது 2018இல். அதற்கு முந்தைய காலக் கதைக்கு இன்றைய வண்டியின் ஒலி பொருந்தாது.

காட்டுக்குள் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். சோதனைச்சாவடியில் ரெக்கார்டரை நீட்ட வேண்டாம். கடைக்காரர், நடத்துனர் குரல் தெளிவாகப் பதிந்தால் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். 2009இல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் பெற்றவர்களில் ஒருவரான ரசூல் பூக்குட்டி, இந்தப் பாதை இறங்கும் புனலூருக்குப் பக்கத்தில், அஞ்சலை அடுத்த விளக்குப்பாறைக்காரர். நிஜ இடத்தில், நிஜ நேரத்தில் ஒலி எடுக்க வேண்டும் என்று விடாமல் வாதிடுபவர் அவர். அதில் நமக்கும் பாடம் உண்டு: செங்கோட்டை டீக்கடையை வீட்டுச் சமையலறையில் செய்ய முடியாது. டம்ளர் ஒலி வரும். அந்தத் தகரக்கூரை வராது.

குரல்களை மட்டும் அமைதியான அறையில் எடுங்கள், துணி தொங்கும் அறை போதும். அதிலும் கத்தும் வரிகளை நிஜமாகவே கத்தச் சொல்லுங்கள். வெளியில் 10 மீட்டர் தள்ளி நிற்க வைத்து எடுத்தால் இன்னும் நல்லது.

மேசையில்

ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் 60 நாள் முழுதாக இயங்கும் சோதனைக்காலம் தருகிறது. அதோடு ஆஸ்திரியாவின் கிராட்ஸ் இசைப் பல்கலைக்கழக நிறுவனமொன்று இலவசமாகத் தரும் ஐஇஎம் பிளக்இன் (மென்பொருளோடு சேரும் துணைக்கருவி) தொகுப்பு. இவை இரண்டும் போதும்.

"உலகம்" என்று ஒரு தாய் ட்ராக் உருவாக்கி, அதைக் கோப்புறையாக்குங்கள். அதன் சேனல் எண்ணிக்கையை 16 ஆக்குங்கள். உள்ளே வரும் ஒவ்வொரு ட்ராக்கையும் 16 ஆக்குங்கள். 16 என்பது மூன்றாம் படி அம்பிசோனிக்கின் கணக்கு; படி கூடக் கூடத் திசை துல்லியமாகும். படியோடு ஒன்றைக் கூட்டி வர்க்கம் எடுத்தால் சேனல் எண்ணிக்கை வரும், அதாவது முதல் படிக்கு 4, இரண்டாவதுக்கு 9, மூன்றாவதுக்கு 16. தனி ஒலிகளின் மேல் ஸ்டீரியோ என்கோடர் போட்டுத் திசையும் உயரமும் கொடுங்கள். அம்பிசோனிக் மைக் பதிவு முதல் நான்கு சேனல்களில் தானே உட்காரும். சீன் ரொட்டேட்டர் போட்டுக் கைத்தட்டல் முன்னே வரும்வரை சுழற்றுங்கள். தாய் ட்ராக்கின் கடைசியில் பைனரல் டிகோடர்: எல்லாவற்றையும் இரண்டு காதுக்கான ஹெட்போன் ஒலியாக மாற்றுவது இது. மாஸ்டர் 2 சேனல்.

இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கும். எல்லா ஒலியும் இடமும் வலமுமாக மட்டும் நகர்ந்து, முன் பின் மாற்றினால் எதுவும் மாறவில்லையா? ஏதோ ஒரு ட்ராக் இன்னும் 2 சேனலில் நிற்கிறது. முதல் இரண்டு சேனலில் இருப்பது பொது அளவும் இட வல வேறுபாடும் மட்டுமே. மீதி வழியில் உதிர்ந்துவிட்டது. முன்னே இருக்க வேண்டியது இடப்பக்கமும், இடப்பக்கமிருந்தது தலைக்கு மேலும் கேட்கிறதா? பதிவு பழைய ஃபூமா வரிசையில் இருக்கிறது, பிளக்இன் அம்பிஎக்ஸ் வரிசையில் படிக்கிறது. ஃபூமாவில் பொது அளவுக்கு அடுத்து முன்பின் சேனல் வரும், அம்பிஎக்ஸில் அதே இடத்தில் இடவலம் வரும். பதிவை மாற்றிக்கொண்டு, எல்லா இடத்திலும் அம்பிஎக்ஸ் வரிசை, எஸ்என்3டி அளவுமுறை என்றே வைத்திருங்கள்.

கதைசொல்லியின் குரல், இருந்தால், "உலகம்" கோப்புறைக்கு வெளியே நேராக மாஸ்டருக்குப் போகட்டும். அது தலைக்குள் கேட்கும். பாத்திரங்களின் குரல் தலைக்கு வெளியே கேட்கும். கேட்பவருக்கு இரண்டும் வேறு என்பது முதல் நொடியிலேயே புரிந்துவிடும்.

இனி தூரம். கையெட்டும் குரலுக்கு எதிரொலி வேண்டாம், உயர் அதிர்வெண்ணைத் தொடாதீர்கள். கூப்பிடு தூரம் என்று 30 மீட்டரை எடுத்துக்கொண்டால், 1 மீட்டரை ஒப்பிட நிஜத்தில் சுமார் 30 டெசிபல் குறையும். கலவையில் அவ்வளவு குறைத்தால் பஸ்ஸில் கேட்பவருக்கு எதுவும் கேட்காது. கத்திய பதிவு, 10 முதல் 14 டெசிபல் குறைவு, 6 கிலோஹெர்ட்ஸிலிருந்து மெல்லச் சரிவு, சிறிது பின்னொலி (ரிவர்ப், இடத்தில் பட்டுத் தங்கும் ஒலி): இது போதும், மூளை மீதியை நம்பிவிடும். மலைக்கு அப்பால் உள்ளதற்கு 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பகுதியை நீக்கி, நேரடி ஒலியைவிடப் பின்னொலியைக் கூட்டுங்கள்.

எந்தப் பின்னொலி என்பதில்தான் பல நல்ல கதைகள் வீணாகின்றன. திறந்த சாலையில் நிற்பவருக்கு மண்டப எதிரொலி போடாதீர்கள். கேட்பவர் உடனே கல்யாண மண்டபத்துக்குள் போய்விடுவார். வெளியில் இருப்பது தரையில் பட்டு வரும் ஒரே ஒரு குறுகிய எதிரொலியும், தொலைவில் பாறைமுகம் இருந்தால் தாமதமாக வரும் ஒரு பதிலும்தான். 170 மீட்டர் தள்ளியிருக்கும் பாறையிலிருந்து பதில் திரும்ப ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியைச் சாதாரண டிலேயில் வைத்து, 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டி, பாறை இருக்கும் திசையில் வைத்துவிட்டால் பள்ளத்தாக்கு திறந்துகொள்ளும். சுரங்கப்பாதைக்குள் ரயில் நுழைவது இதற்கு நேர்மாறு: பக்கச் சுவர்கள் ஒலியை உடனே திருப்பித் தருவதால் பெட்டிக்குள் இரைச்சல் சட்டென்று ஏறிப் பிரகாசமாகும், தொலைவில் இருந்ததெல்லாம் அறுந்துபோகும். காட்சி மாற்ற இதைவிட நல்ல வெட்டு கிடைக்காது.

அறை, திண்ணை, பஸ் உள்பக்கம் போன்றவற்றுக்கு ரூம் என்கோடர் பயன்படும். சுவர் அளவுகளை மீட்டரில் கொடுங்கள், கேட்பவர் இடத்தையும் ஒலியின் இடத்தையும் வையுங்கள். ஒலியை நகர்த்தினால் சுருதி மாற்றமும் தானாக வரும். மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 10 மீட்டரில், ஒரு வண்டி நம்மைக் கடந்தால் அதன் ஹாரன் வரும்போதும் போகும்போதும் சுமார் ஒரு அரைச்சுரம் வேறுபடும். மலைப்பாதையில் வண்டிகள் மெதுவாகப் போவதால் இதற்கு மேல் போடாதீர்கள். நெடுஞ்சாலைக் கார் மாதிரி ஆகிவிடும்.

ஒலி நகர வேண்டுமானால் அதற்குக் கால் இருக்க வேண்டும், சக்கரம் இருக்க வேண்டும், இறக்கை இருக்க வேண்டும். காரணமில்லாமல் எதுவும் நகரக் கூடாது. நேர் முன்னே வைக்க நினைத்ததை 20, 30 பாகை பக்கவாட்டில் வையுங்கள். முன்பின் குழப்பம் குறையும். உயரத்துக்குக் கேட்பவரின் அனுபவத்தையே துணைக்கு அழையுங்கள்: பறவையும் கூரைமழையும் மேலே என்று எல்லோருக்கும் தெரியும், சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கையைச் சற்று உயர்த்தி வைத்தாலே போதும். தவிலின் அடிநாதத்துக்குத் திசை பிடிபடாது. விரல்கூடு படும் அந்தச் சுள்ளென்ற அடிதான் இடத்தைக் காட்டும், அதை மழுக்கிவிடாதீர்கள்.

ஒரே நேரத்தில் கவனம் கேட்கும் ஒலி மூன்றுக்கு மேல் வேண்டாம். பின்னணியில் எவ்வளவும் இருக்கலாம், ஆனால் ஒன்றை ஒன்று மூடாமல். அருவிக்கு முன் பேசுகிறார்கள் என்றால், அருவியில் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 4, 5 டெசிபல் குழி வெட்டி, பேசுபவரைக் கிட்டே இழுங்கள். நிஜத்திலும் அங்கே காதில் வாய் வைத்துத்தான் பேச முடியும். சில்வண்டின் ஒலி பெரும்பாலும் 3 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை நிற்கிறது. பேச்சின் மெய்யெழுத்துகளும் அங்கேதான். இரவுக் காட்சியில் சில்வண்டைப் பின்பக்கம் பரப்பி, குரலை முன்பக்கம் வையுங்கள். திசை பிரிந்தாலே பேச்சு தெளியும். முப்பரிமாண ஒலி தரும் உண்மையான வரம் இது.

வெளியே அனுப்பும் முன்

பைனரல் ஸ்டீரியோவாக, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். மொத்த அளவு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் ஒலியளவின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். மாஸ்டரில் ஸ்டீரியோவை அகலமாக்கும் பிளக்இன் எதையும் போடாதீர்கள். இரண்டு காதுக்கும் இடையே உள்ள நுண்ணிய கணக்கு குலைந்துவிடும். கடுமையான கம்ப்ரஸர் தூரத்தைக் கொன்றுவிடும். எம்பி3 ஆக்கினால் 256 கேபிபிஎஸுக்குக் குறைய வேண்டாம். அருவியும் மழையும் குறைந்த பிட்ரேட்டில் தண்ணீருக்கடியில் குமிழியிடுவது போலாகிவிடும். 360 வீடியோவோடு யூடியூபில் போட நினைத்தால் பைனரல் அனுப்பாமல், முதல் படி அம்பிஎக்ஸின் 4 சேனல்களை உரிய மெட்டாடேட்டாவோடு அனுப்ப வேண்டும். தலையைத் திருப்பும்போது உலகம் நிற்குமிடத்தில் நிற்கும்.

ஸ்பீக்கரில் போட்டால் இடது ஸ்பீக்கர் வலது காதுக்கும் கேட்கும், கட்டியது கலைந்துவிடும். அதனால் முதல் 5 வினாடியில் "ஹெட்போனில் கேளுங்கள்" என்று சொல்லி, இடது காதில் "இடது" என்றும் வலது காதில் "வலது" என்றும் ஒலிக்கவிடுங்கள். ஹெட்போனை மாற்றிப் போட்டவர்கள் திருத்திக்கொள்வார்கள். ஒருமுறை கைப்பேசியின் ஒற்றை ஸ்பீக்கரிலும் கேளுங்கள்: இடம் போய்விடும், பரவாயில்லை, வசனம் புரிய வேண்டும்.

கடைசிச் சோதனைக்குக் கதை தெரியாத ஐந்து பேர் போதும். கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். முடிந்ததும் வெள்ளைத்தாள் கொடுத்து, நடுவில் ஒரு புள்ளி வைத்து, "இது நீங்கள், மற்றது எல்லாம் எங்கே இருந்தது என்று வரையுங்கள்" என்று கேளுங்கள். "நன்றாக இருந்ததா" என்று கேட்காதீர்கள். ஐவரும் அருவியை ஒரே தூரத்தில் வரைந்தால் அது நிற்கிறது. முன் பின் மாறியிருந்தால் கவலை வேண்டாம். நாத்தனாரை முதலில் தொலைவிலும் பின் பக்கத்திலுமாக இரண்டு புள்ளியாக வரைந்தால் காட்சி வென்றது. இருவருக்கு மேல் எல்லாவற்றையும் புள்ளியைச் சுற்றி ஒரே வட்டத்தில் வரைந்திருந்தால், திசைகளைத் தொடாமல், அளவையும் மழுக்கலையும் பின்னொலியையும் மட்டும் திருத்துங்கள். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது, தொலைவில் இருக்கும் குரல்களை நிஜமாகவே கத்தச் சொல்லி எடுத்தீர்களா என்பது. இல்லையென்றால் அந்த வரிகளை மட்டும் மறுபடி பதிவு செய்துகொண்டு வந்து, வேறு ஐந்து பேரை உட்காரவையுங்கள்.